குளிர்ந்த புகையில் வினையூக்கியை வேலை செய்ய வைத்தது: ஒரு லேப் பதிவு

கால் லோடில் எஞ்சின் கக்கிய 0.38 சதவீத கார்பன் மோனாக்சைடு, புகைக் குழாயில் மாட்டிய வினையூக்கியை (எரியாமல் வரும் வாயுக்களை எரிப்பது) தாண்டியதும் 0.03க்கு இறங்கி அங்கேயே நின்றது. அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தும் ஏறவில்லை. உள்ளே நுழையும் புகை 230 டிகிரி, வெளியே வருவது 277. புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் அனலைசர் காட்டிய எண்ணைவிட இந்த 47 டிகிரி உயர்வுதான் எனக்கு நிம்மதி தந்தது. அதற்கான காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

டூயல் ஃபியூல், அதாவது டீசல் எஞ்சினில் காற்றோடு பெட்ரோலையும் விட்டு டீசலால் பற்றவைக்கும் முறை பற்றி எங்கள் கல்லூரிகளில் வரும் புராஜெக்ட் அறிக்கைகளைப் புரட்டினால், நைட்ரிக் ஆக்சைடும் கரும்புகையும் குறைந்த வரைபடங்கள் பெருமையோடு இருக்கும். கூடவே ஏறிப்போன கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் பற்றி, ‘ஆக்சிடேஷன் வினையூக்கி பொருத்தினால் சரியாகிவிடும்’ என்று கடைசியில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை நிஜமாகவே செய்து பார்த்த பதிவு இது.

எஞ்சின், தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி லேப்களில் பரவலாகக் காணப்படும் கிர்லோஸ்கர் டிவி1. ஒற்றை சிலிண்டர், 87.5 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 661 சிசி, 1500 ஆர்பிஎம்மில் 5.2 கிலோவாட். எஞ்சினுக்கு லோடு கொடுத்து அளக்கும் எடி கரண்ட் டைனமோமீட்டரின் கை நீளம் 185 மி.மீ. என்பதால் 18 கிலோ காட்டினால் முழு லோடு, 4.5 கிலோ காட்டினால் கால் லோடு.

பெட்ரோலை உள்ளே விடுவதுதான் முதல் வேலை. பைக் இன்ஜெக்டர் ஒன்றை இன்லெட் மேனிஃபோல்டில், வால்வைப் பார்த்தபடி சாய்வாக உட்கார வைத்தோம். மூன்று பார் அழுத்தத்துக்கு பம்பும் ரெகுலேட்டரும். கேம் ஷாஃப்ட் பக்கம் ஒரு காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் வைத்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு பல்ஸ் வரும். அதை ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை வாங்கி, மாஸ்ஃபெட் ஸ்விட்ச் வழியாக இன்ஜெக்டரைத் திறக்கும். இன்லெட் வால்வு திறந்த பிறகே பெட்ரோல் போகுமாறு தாமதம் வைத்திருக்கிறோம். முன்னாலேயே விட்டால் சூடான மேனிஃபோல்டில் தேங்கி பேக்ஃபயர் அடிக்க வாய்ப்பு உண்டு. பெட்ரோல் கேன் சுவருக்கு வெளியே.

அளவு பார்ப்பது எளிது. இன்ஜெக்டரைக் கழற்றி மெஷரிங் சிலிண்டருக்குள் ஆயிரம் முறை அடிக்க விட வேண்டும். 9 மில்லி செகண்ட் பல்ஸுக்கு 16 மில்லி சேர்ந்தது. அதாவது ஒரு சுழற்சிக்கு 16 மைக்ரோலிட்டர். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அதன் வெப்ப மதிப்பைக் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அரை லோடில் எஞ்சினுக்குப் போகும் ஆற்றலில் சுமார் 60 சதவீதம் பெட்ரோல். டீசலைக் குறைக்க நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெட்ரோல் நுழைந்ததும் வேகம் கூடப் பார்க்கும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், டீசல் அளவை மாற்றும் ரேக்கைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும்.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ரோல்ஃப் ரைட்ஸ் குழு வளர்த்தெடுத்த ஆர்சிசிஐ முறையில் (எளிதில் பற்றும் எரிபொருளையும் பற்றாததையும் சேர்த்து எரிப்பைக் கட்டுப்படுத்துவது), டீசலை காமன் ரெயில் என்னும் மின்னணு இன்ஜெக்‌ஷன் வழியாக வெகு முன்னதாகவே சிலிண்டருக்குள் விடுவார்கள். எங்களிடம் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். பம்பின் அடியில் உள்ள மெல்லிய தகடுகளான ஷிம்களை எடுத்து, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் 23 டிகிரியில் டீசல் தெளித்த டைமிங்கை 27க்குக் கொண்டுபோனோம். கேட் வால்வு வைத்து 15 சதவீதம் புகையைத் திருப்பி உள்ளே விட்டோம் (இதுதான் இஜிஆர்). அதனால் இதை முழுமையான ஆர்சிசிஐ என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அரை லோடில் 700 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 700 பங்கு) மேல் இருந்த நைட்ரிக் ஆக்சைடு 250க்குக் கீழே வந்துவிட்டது. விலையாக, டீசலில் 0.05 சதவீதத்தை ஒட்டி இருந்த கார்பன் மோனாக்சைடு 0.22க்கு ஏறியது. கால் லோடில் அது 0.38. அங்கே ஹைட்ரோகார்பனும் 400 பிபிஎம்மைத் தாண்டியது. லோடு இறங்க இறங்க அழுக்கு கூடுகிறது, அதை எரிக்க வேண்டிய சூடோ குறைகிறது. இந்த வகை எரிப்பில் வினையூக்கிக்கு உள்ள முழுச் சிக்கலும் இதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 0.38 சதவீதம் என்றால் 3,800 பிபிஎம். ஃபிளாஞ்ச் கேஸ்கெட் கொஞ்சம் ஒழுகினாலும் மூடிய அறையில் ஆளைச் சாய்க்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத லேபில் இதைத் தொடவே கூடாது.

அடுத்தது வினையூக்கிக் கல், அதாவது தேன்கூடு போல நெடுகக் கண்ணறைகள் உள்ள, பிளாட்டினப் பூச்சுப் போட்ட பீங்கான். புதிதாகப் பூச்சுப் போட்டு வாங்கப் பணம் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய பிஎஸ்-4 டீசல் கார்களிலிருந்து கழற்றியவை கிடைக்கின்றன. வாங்கும்போது ஒரு டார்ச் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் அடித்தால் மறுபக்கம் எல்லாக் கண்ணறைகளிலும் தெரிய வேண்டும். கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைபட்டிருந்தால் அது புகைத் துகள் வடிகட்டி, நமக்கு வேண்டாம். பெட்ரோல் கார் கல்லையும் இதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. எந்த வண்டியில் கழற்றியது என்று உறையில் உள்ள பாக நம்பரைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

நாங்கள் வாங்கிய கல் 118 மி.மீ. விட்டம், 76 மி.மீ. நீளம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து லென்ஸில் எண்ணினால் ஓர் அங்குலத்துக்கு 20 கண்ணறை, ஆக சதுர அங்குலத்துக்கு 400. கன அளவு 0.83 லிட்டர். எஞ்சின் மணிக்குச் சுமார் 25 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. வகுத்துப் பார்த்தால் கல்லின் கன அளவைப்போல் மணிக்கு 30,000 மடங்கு புகை கடந்து போகிறது. இந்த வேலைக்கு அது ஏற்ற அளவுதான்.

பழைய கல்லில் புகைக்கரியும் கந்தகமும் ஏறியிருக்கும். மஃபிள் ஃபர்னஸில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 வரை ஏற்றி, நான்கு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் இரவு முழுக்க ஆறவிட்டோம். எடை 14 கிராம் குறைந்திருந்தது. முகப்பில் இருந்த கறுப்பு போய் வெளிர் பழுப்பு தெரிந்தது. அவசரப்பட்டுச் சூட்டோடு வெளியே எடுத்தால் கல் கீறிவிடும்.

உறையை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்தோம். இரண்டு அங்குலக் குழாயிலிருந்து 118 மி.மீ. கல்லுக்கு விரியும் கோனை 60 மி.மீ. நீளத்தில் வரைந்து கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சார், இவ்ளோ குட்டையா வெட்டினா புகை நடுவுலயே பாய்ஞ்சு போயிடும். ஓரத்துல இருக்கிற கல்லுக்கு வேலையே இருக்காது” என்றார். 110 மி.மீ. ஆக்கினோம். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு கல்லின் முகப்பில் கரி படிந்திருந்த விதத்தில் தெரிந்தது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம்.

வெப்பத்தை அளக்க கே டைப் தெர்மோகப்பிள் மூன்று. கல்லுக்கு 25 மி.மீ. முன்னால் ஒன்று, 25 மி.மீ. பின்னால் ஒன்று, இரண்டும் 3 மி.மீ. தடிமன். மூன்றாவது 1 மி.மீ. தடிமனில் வாங்கியது. பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணறைக்குள் நுழைத்து, முகப்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே இருக்குமாறு நிறுத்தினோம். கண்ணறையின் உள்ளகலம் ஒரு மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் பெரிது என்பதால் மெதுவாகத் தள்ள வேண்டும்.

முதலில் வினையூக்கியை வைத்தது புகையின் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டருக்கு முன்னால், எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தள்ளி. அங்கேதான் குழாய் நேராக இருந்தது, வெல்டிங்குக்கும் வசதி. குளிர்ந்த நிலையிலிருந்து கால் லோடில் டூயல் ஃபியூலை ஓட்டினோம். உள்ளே 150 டிகிரி. அனலைசரைப் பின்பக்கம் மாட்டினால் ஹைட்ரோகார்பன் 150 பிபிஎம். முன்பக்கம் 430. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது! உடன் இருந்த மாணவர் “சார், வேலை செய்யுது” என்று போட்டோவே எடுத்துவிட்டார்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் இரு பக்கமும் அப்படியே இருந்தது. வெளிவாய் (கல்லுக்குப் பின்) வெப்பநிலை உள்வாயைவிட (கல்லுக்கு முன்) 12 டிகிரி குறைவு. எரிபொருள் எரிந்திருந்தால் சூடு வந்திருக்க வேண்டும், அது வரவில்லை. இருபது நிமிடம் போனதும் வெளிவாய் ஹைட்ரோகார்பன் மெல்ல மெல்ல ஏறி 400ஐத் தொட்டது. குளிர்ந்த கல் எரியாத எரிபொருளை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்ததே தவிர, எதையும் எரிக்கவில்லை. நிரம்பியதும் விட்டுவிட்டது.

அடுத்து நடந்ததை எல்லோரும் கவனிக்க வேண்டும். அப்படியே லோடைப் பாதிக்கு ஏற்றினோம். உள்ளே வரும் புகை 200ஐ நெருங்கியபோது வெளிவாய் ஹைட்ரோகார்பன் 700ஐத் தாண்டியது. உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம். சேர்த்து வைத்ததெல்லாம் ஆவியாகி வெளியேறுகிறது. கண் எரிந்தது, ஃபார்மாலினைத் திறந்து வைத்தது போன்ற நெடி. லோடை இன்னும் கொஞ்சம் கூட்டி உள்வாய் 215 ஆனதும் கல்லுக்குள் இருந்த தெர்மோகப்பிளின் எண் ஓட ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்துக்குள் 340. கார்பன் மோனாக்சைடு சரிந்து விழுந்தது. மிச்சம் இருந்த எரிபொருள் மொத்தமும் ஒரே மூச்சில் எரிந்த சூடு அது. நீண்ட நேரம் குளிரில் ஓட்டி நிறையச் சேர்த்துவிட்டு இப்படிச் செய்தால் பூச்சு கருகும், கல்லும் விரிசல் விடலாம்.

அன்றிலிருந்து அனலைசரின் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு முழுதாக எரிந்தால் புகையின் வெப்பம் ஏறக்குறைய 90 டிகிரி ஏறும். அனலைசர் ஹெக்சேன் அளவில் காட்டும் ஹைட்ரோகார்பன் 100 பிபிஎம் எரிந்தால் ஏறக்குறைய 12 டிகிரி. உறை வழியாக இழக்கும் சூட்டை, டீசலில் மட்டும் ஓட்டி அதே உள்வாய் வெப்பத்தில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இவை ஒத்துப்போனால்தான் எரிந்தது என்று எழுதலாம். அனலைசர் குழாயிலும் இதே ஏமாற்று உண்டு. ஹைட்ரோகார்பன் அதிகமுள்ள புகையை இழுத்த பிறகு வெறும் காற்றைக் காட்டினாலும் 40 பிபிஎம் நிற்கும். அது 10க்குக் கீழ் வரும்வரை காற்றையே இழுக்க விட்டுத்தான் அடுத்த பக்கத்துக்கு மாற்றுகிறோம்.

முழு லோடுக்குப் போனபோது வேறு ஒரு தொந்தரவு வந்தது. உள்வாய் 330 டிகிரி, கல் நன்றாகச் சூடேறியிருக்கிறது. ஆனாலும் கார்பன் மோனாக்சைடில் ஏழில் ஒரு பங்கு அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. லோடு என்னவானாலும் அதே விகிதம். கல் பழையது, செத்துவிட்டது என்று முதலில் நினைத்தோம். ஆனால் செத்த கல் சூடு கூடக் கூடக் கொஞ்சமாவது தேறும், ஒரே விகிதத்தில் நிற்காது. பின்பக்கக் கோனை அறுத்துப் பார்த்தால், கல்லைச் சுற்றிப் பாய் போல வைத்திருந்த ‘மேட்’டின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடுகள். புகை கல்லுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

வெர்மிகுலைட் கலந்த மேட் அது. கல்லுக்கும் உறைக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளியில் வைத்து இறுக்கியிருந்தோம். இது சூட்டில் உப்பித்தான் கல்லைப் பிடித்துக்கொள்ளும், இடைவெளியையும் அடைக்கும். 300 டிகிரிக்கு மேல் நன்றாகப் போனால்தான் உப்பும். சாதாரண கார் புகையில் அது தானாக நடந்துவிடும். எங்கள் புகையில் மேட் இருக்கும் ஓரம் அந்தச் சூட்டைப் பார்க்கவே இல்லை. உறையோடு அப்படியே ஃபர்னஸில் வைத்து 550 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டோம். வெளியே எடுத்தபோது மேட் ஓரம் உப்பி நிமிர்ந்திருந்தது, நகத்தால் குத்தினாலும் இறங்கவில்லை. கோனைத் திரும்ப வெல்டு செய்து ஓட்டியதும் முழு லோடில் கார்பன் மோனாக்சைடு 0.01. குளிர்ந்த புகைக்கு வினையூக்கி கட்டுகிறவர்கள் கல்லை மாட்டும் முன்பே இதைச் செய்துவிடலாம். உப்பும் தன்மை இல்லாத ஃபைபர் மேட்டும் உண்டு, விலை கூடுதல்.

மிச்சம் இருந்தது இடப்பிரச்சினை. 1.2 மீட்டர் வெற்றுக் குழாய் கால் லோடில் 45 டிகிரியைத் தின்றுகொண்டிருந்தது. வினையூக்கியை ஃபிளாஞ்சிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்து, குழாய்க்கும் உறைக்கும் கண்ணாடி நார்ப் பட்டையை இரண்டு சுற்று சுற்றினோம். பட்டையை நனைத்துவிட்டு இழுத்துச் சுற்றினால் இறுகும், தூசியும் பறக்காது. கையுறை கட்டாயம். அரை லோடில் 205 ஆக இருந்த உள்வாய் 265 ஆனது. கார்பன் மோனாக்சைடு 0.22லிருந்து 0.01, ஹைட்ரோகார்பன் 310லிருந்து 60. கால் லோடில் 150 ஆக இருந்தது 195க்கு வந்தது. பற்ற வேண்டிய 215க்கு இன்னும் 20 டிகிரி பாக்கி.

அந்த 20 டிகிரி காற்றில் இருந்தது. டீசல் எஞ்சின் லோடு குறைந்தாலும் அதே அளவு காற்றை இழுத்துப் புகையைக் குளிர்விக்கிறது. இன்லெட்டில் ஒரு பழைய பைக் த்ராட்டில் பாடியை வைத்துப் பட்டாம்பூச்சி வால்வைக் கொஞ்சம் மூடினோம். உள்ளே போகும் காற்றின் அளவைக் காட்டும் ஏர் பாக்ஸ் மேனோமீட்டர் சாதாரணமாக 80 மி.மீ. நீர் காட்டும், இஜிஆர் திறந்தால் 58. வால்வை மூடி 42க்குக் கொண்டுவந்ததும் உள்வாய் 230 ஆனது. இன்னும் மூடி 35க்குப் போனால் கரும்புகை தலைகாட்டுகிறது, எரிபொருள் செலவும் ஏறுகிறது. 42இலேயே நிறுத்திவிட்டோம்.

அங்கேதான் முதல் பத்தியில் சொன்ன எண்கள் கிடைத்தன. கார்பன் மோனாக்சைடு 0.35 சதவீதம் எரிந்ததற்கு 32 டிகிரி. ஹைட்ரோகார்பன் 420லிருந்து 130க்கு இறங்கியதற்கு 35 டிகிரி. சேர்த்து 67. டீசலில் ஓட்டி அளந்த உறை இழப்பு 20. மீதி 47. தெர்மோகப்பிள் காட்டியதும் அதுவே. இந்த அளவுக்குத் துல்லியமாக ஒத்துப்போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கலாம். ஐந்து டிகிரி முன்பின் வந்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஹைட்ரோகார்பனில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தப்பிக்கிறது. கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடுவதால், அது எரிந்து விலகிய பிறகே மற்றதற்கு வழி கிடைக்கிறது. 230 டிகிரியில் அந்த இரண்டாம் கட்டம் முழுமையாகவில்லை.

ஓட்டும் வரிசையையும் மாற்றிவிட்டோம். டீசலில் மட்டும் 60 சதவீத லோடில் ஓட்டி, உள்வாய் 260ஐத் தாண்டிய பிறகே பெட்ரோல். அப்புறம்தான் கால் லோடுக்கு இறங்குவது. ஒருமுறை பற்றிய கல் தன் சூட்டிலேயே உள்வாய் 185 வரை அணையாமல் தாக்குப்பிடிக்கிறது. நிறுத்தும்போது முதலில் பெட்ரோலை மூடி, பத்து நிமிடம் டீசலில் ஓட்டி கல்லைச் சுத்தமாக்கிவிட்டு நிறுத்துகிறோம். பேக் பிரஷர் கூடியது 25 மி.மீ. நீர் அளவுதான்.

செலவு: கல் 4,500, உறையும் லேத் வேலையும் 2,800, மேட் 600, தெர்மோகப்பிள் மூன்றும் 1,350, சுற்றுப் பட்டை 950, இன்ஜெக்டர், பம்ப், ரெகுலேட்டர் 5,200, எலக்ட்ரானிக்ஸ் 1,100. மொத்தம் 16,500 ரூபாய். த்ராட்டில் பாடி லேபிலேயே கிடந்தது. டைனமோமீட்டரும் அனலைசரும் ஏற்கெனவே இருந்தவை.

அடுத்த முறை செய்தால் கல்லை ஃபிளாஞ்சோடு ஒட்டியே வைப்பேன், அது முடியாவிட்டால் இடையில் இருக்கும் 30 செ.மீ. குழாயை இரட்டைச் சுவராகச் செய்வேன். முதலிலேயே மேட்டைச் சுட்டுவிடுவேன். அனலைசர் குழாயைச் சுற்றி ஹீட்டிங் டேப் போட்டால் கனமான ஹைட்ரோகார்பன் குழாயில் படிவது குறையும். ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) சேர்த்த பூச்சு கிடைத்தால், குளிரில் உறிஞ்சியதைப் பற்றும் சூடு வரும்வரை பிடித்து வைத்திருக்கும். அதை இதே எஞ்சினில் பார்க்க ஆசை.

பக்கத்து லேபில் இதே கல்லை சிஎன்ஜி டூயல் ஃபியூலுக்குக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் மீத்தேனை எரிக்க இந்தப் பூச்சால் ஆகாது. பல்லேடியம் நிறைய உள்ள கல் வேண்டும், அதற்கும் 400 டிகிரிக்கு மேல் புகை வேண்டும். இந்த எஞ்சினில் அரை லோடில் உள்வாய் 265 டிகிரிதான். கார்பன் மோனாக்சைடு போகும், மீத்தேன் அப்படியே வெளியே வரும் என்று சொல்லியிருக்கிறேன். தெர்மோகப்பிள்களையும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறேன்.